ஆறு மணித்தியால மிச்சம்

கடல் புகுந்து வடிந்த கிணற்றை முதன்முதலாக இறைக்கும்போது ஒரு மணம் வரும். சேறும் உப்பும் அழுகிய தென்னோலையும் சேர்ந்த மணம். வாளி மேலே வர வர அது மூக்கிலிருந்து இறங்கித் தொண்டையில் குந்திக்கொள்ளும். அதற்குப் பிறகு சோறு தின்றாலும் தேத்தண்ணி குடித்தாலும் அந்த ருசிதான். எனக்கு அப்போது பதினைந்து வயது. காலையில் ஐந்து மணித்தியாலம் அந்தக் கிணறுகளின் கரையில் நின்று கயிறு இழுத்துவிட்டு, மத்தியானம் முகத்தைக் கழுவி வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். சட்டை என்னவோ வெள்ளைதான், ஆனால் மணம் போகாது. வகுப்பில் என் வாங்கிலிருந்து இரண்டு பிள்ளைகள் எழும்பிப் போய்விட்டார்கள். தவமலர் மட்டும் போகவில்லை.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் பகுதிநேரமாக ஒரு வேலையும் செய்தால் நல்லது என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கனடாவிலிருந்து ஆடி மாதத்தில் வந்து, மின்விசிறிக்குக் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு, "அங்கெல்லாம் பதினாறு வயதில் பிள்ளைகள் தங்கள் செலவைத் தாங்களே பார்க்குதுகள், அதுதான் பொறுப்பு வருது" என்று உபதேசம் செய்கிற என் மச்சானோடு நான் இரண்டு வருடமாகச் சரியாகக் கதைப்பதில்லை. ஊருக்கு உபதேசம் உனக்கில்லையடி கண்ணே என்பது போல, அவருடைய மகன் ஒரு நாளும் ஒரு கோப்பை கழுவியதை நான் கண்டதில்லை. பொறுப்பு வருமாம். எங்களுக்கு வந்தது கையில் கொப்புளமும் வகுப்பில் நித்திரையும்தான். இந்தக் கோபம் நியாயமான கோபம் மட்டும் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதில் பாதி என்மேல் எனக்குள்ள கோபம்.

எங்கள் ஊர் செட்டிபாளையத்துப் பக்கம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் றோட்டு. சுனாமி அந்த ஒரு காலையில் கடல் பக்கத்து வீடுகளையும் எங்கள் பள்ளிக்கூடத்தையும் சேர்த்து வழித்துக்கொண்டு போனது. அம்மாவின் கால் சுவருக்குக் கீழே அகப்பட்டு முறிந்தது. அப்பா நான் கைப்பிள்ளையாக இருந்தபோதே வேலைக்குப் போன வழியில் காணாமல் போனவர். ஆகவே வீட்டில் நடக்கக்கூடிய ஆள் நான் ஒருத்திதான்.

பள்ளிக்கூடம் இல்லாததால் எங்களுக்கு வாவிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் தந்தார்கள். காலையில் அவர்களுடைய பிள்ளைகள், மத்தியானத்துக்குப் பிறகு நாங்கள். "பின்னேரப் பள்ளிக்கூடம்" என்று அதற்குப் பெயர் விழுந்தது. அந்த ஏற்பாடுதான் எல்லாவற்றுக்கும் வசதியாகப் போயிற்று. காலையில் பிள்ளைகள் சும்மாதானே இருக்கிறார்கள் என்ற எண்ணம் பெரியவர்களுக்கு வந்துவிட்டது.

அப்போது உதவி செய்ய வந்தவர்கள் கிணறு இறைக்கவும் இடிந்த கல்லை அள்ளவும் வீட்டுக்கு ஓர் ஆளைச் சேர்த்துச் சம்பளம் கொடுத்தார்கள். "காசுக்கு வேலை" என்று சொல்வோம். எங்கள் வீட்டு அட்டை அம்மாவின் பெயரில் இருந்தது. காலை ஆறரைக்கு வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் இடாப்பை விரித்து "பாக்கியம்" என்று கூப்பிடுவார். நான் "ஓம்" என்பேன். பாக்கியத்துக்கு நாற்பது வயது என்று அந்த அட்டையிலேயே எழுதியிருந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார், பிறகு அடையாளம் போடுவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கிராமச் சங்கத் தலைவருக்கும் தெரியும், ரீச்சருக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் பின்னேரம் வகுப்பில் என் சொந்தப் பெயரை மூன்று முறை கூப்பிட்டும் நான் எழும்பவில்லையாம். தவமலர் விலாவில் குத்தித்தான் எழுப்பினாள்.

தவமலர் யார் என்று சொல்ல வேண்டும். ஆண்டு பத்தில் எங்கள் வகுப்பில் கணக்கு என்றால் அவள்தான். கணக்கு சேர் தனக்குச் சந்தேகம் வந்தால் சோக்கட்டியை அவளிடம் நீட்டுவார். உயர்தரத்தில் கணக்குப் பிரிவுதான் படிப்பேன் என்று அவள் சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை. அவளுடைய அம்மாவைக் கடல் கொண்டுபோனது. தகப்பன் சீனித்தம்பி மாமாவுக்குத் தோணியும் போய்விட்டது. தருவதாகச் சொன்ன தோணி வரும்வரை மற்றவர்களின் கிழிந்த வலையைப் பொத்திக் கொடுத்து இரண்டு பிள்ளைகளையும் பார்த்தார். வாவிக் கரையில் இறால் உரிக்கிற வாடி ஒன்று திறந்து, "காலையில வந்து அரைநாள் உரிச்சிற்றுப் போகட்டும்" என்று பெண்பிள்ளைகளைக் கேட்டு ஆள் அனுப்பியபோது, அவர் ஒரே பேச்சில் மறுத்தார்.

"என்ட புள்ள படிக்கிற புள்ள. அவள்ட தாய் இரிந்தா விட்டிரிப்பாளா? நான் பட்டினி கிடந்தாலும் விடமாட்டன்" என்றார். ஊரில் அப்படிச் சொன்ன ஒரே தகப்பன் அவர்தான்.

அந்த வருடம் கடைசித் தவணையில் விவாதப் போட்டி வைத்தார்கள். உதவி செய்தவர்கள் பார்க்க வருகிறார்கள், பெற்றோரும் வருகிறார்கள் என்று ஒரே பரபரப்பு. மாணவர்கள் படித்துக்கொண்டே பகுதிநேர வேலை செய்யலாமா, கூடாதா என்பது தலைப்பு. எனக்கு வாய் நீளம், எந்தப் போட்டி என்றாலும் என்னைத்தான் பிடிப்பார்கள். கூடாது என்ற பக்கம் பேச நான் ஆசைப்பட்டேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினாலே போதும், கப் எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். தமிழ் ரீச்சர் விடவில்லை.

"நீதானே வேலைக்குப் போற புள்ள. உன்ட வாயால வந்தாத்தான் எடுபடும். செய்யலாம் எண்டு பேசு" என்றா.

எனக்குப் பேச்சு வரும், கணக்கு வராது. படிக்க நேரம் எங்கே என்று எதிரணி கேட்டால் என்ன சொல்வது என்று தவமலரைக் கேட்டேன். அவள் கொப்பியின் கடைசித் தாளில் இரண்டு நிமிடத்தில் போட்டுத் தந்தாள். ஒரு நாளைக்கு இருபத்துநான்கு மணித்தியாலம். பள்ளிக்கூடம் ஐந்து, வேலை ஐந்து, நித்திரை எட்டு. கூட்டினால் பதினெட்டு. மிச்சம் ஆறு. "ஆறு மணித்தியாலம் படிச்சா றேங்க் வராதா எண்டு கேளு கா, ஒருத்தரும் வாய் திறக்கமாட்டாங்க" என்று சிரித்தாள்.

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நான் பேசினேன். வியர்வையின் விலை தெரிந்தவனுக்கே எழுத்தின் அருமை தெரியும் என்றேன். என் கையில் இருப்பது கொப்புளம் அல்ல, முத்து என்றேன். அதைச் சொல்லும்போது கையை உயர்த்திக் காட்டவும் செய்தேன், வெட்கமில்லாமல். பிறகு அந்த இருபத்துநான்கு மணித்தியாலத்தைப் பிரித்து, மிச்சம் ஆறு என்று விரலை மடக்கி நிறுத்தினேன். மண்டபம் அதிர்ந்தது. வந்திருந்த வெள்ளைக்காரப் பெண்மணிக்கு யாரோ காதில் மொழிபெயர்த்தார்கள், அவ கண்ணைத் துடைத்துக்கொண்டா. பொய் சொல்லி வாங்கிய கைதட்டல் என்று தெரிந்தும் எனக்கு அது இனித்தது. ஒரு வருடமாக மணத்துக்கு விலகிப் போன பிள்ளைகள் எல்லாம் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். நான் என்ன கல்லா?

கப்பையும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது வேலி ஓரத்தில் சீனித்தம்பி மாமா நின்றிருந்தார். வந்து என் தலையில் கை வைத்தார்.

"நல்லாப் பேசினாய் மனே. இவ்வளவு நாளும் எனக்கு விளங்கல்ல. உழைச்சாப் படிப்புக் கெட்டுப் போயிரும் எண்டு நான் பயந்து கிடந்தன். நீயே செய்து காட்டிற்று நிக்காய்."

அவருக்குப் பின்னால் தவமலர் நின்றாள். தகப்பன் நாலு அடி போனதும் என் கையைப் பிடித்தாள். "மெய்தானே கா? ஏலுந்தானே?" என்று கேட்டாள்.

அவளுக்குத் தெரியும், நான் வகுப்பில் தூங்கி விழுவது. விலாவில் குத்தி எழுப்பியவளே அவள்தான். ஆனால் வீட்டில் தகப்பன் படும் பாடும் அவளுக்குத் தெரியும். ஆகவே யாராவது ஒருவர் ஏலும் என்று சொல்ல வேண்டும் என்று அவள் நின்றாள். ஏலா என்று நான் சொல்லியிருந்தால் அவள் தகப்பனிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பாள், அவரும் கேட்டிருப்பார். என் கையில் கப் இருந்தது, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏலும்" என்றேன்.

அடுத்த கிழமை அவள் இறால் வாடிக்குப் போனாள். முதலில் அரைநாள்தான். ஐஸ் தண்ணீரில் விரல் விறைத்து, இறாலின் கொம்பு குத்தி நகக்கண் வீங்கி, பேனை பிடிக்க முடியாமல் வந்து உட்காருவாள். இப்போது எங்கள் வாங்கிலிருந்து இரண்டு மணம் வந்தது. இறால் மனிதருடைய நேரம் பார்த்து வருவதில்லை. சில நாட்களில் பத்து மணிக்குத்தான் வள்ளத்தில் வந்து இறங்கும். அன்றைக்கெல்லாம் வாடிக்காரர், "இண்டைக்கு மட்டும் பின்னேரமும் நில்லு புள்ள" என்பார். அவரும் கெட்ட மனிதர் இல்லை, அதட்டவே மாட்டார். அந்த "இண்டைக்கு மட்டும்" முதலில் கிழமைக்கு ஒன்றாக வந்தது, பிறகு மூன்றாக வந்தது. மாரி முடிவதற்குள் அவளுடைய பெயரை இடாப்பில் கூப்பிட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பெயருக்குப் போகப் பழகிவிட்டார்கள். அரைநாள் வேலை என்று உலகத்தில் ஒன்று கிடையாது. இரண்டு தோணியில் கால் வைத்தவன் கதை எல்லோருக்கும் தெரியும். அவனை அப்படி நிற்கச் சொல்லிவிட்டுக் கரையில் நின்று கைதட்டியவர்களைப் பற்றித்தான் ஒருவரும் பேசுவதில்லை.

என் கதை வேறு மாதிரிப் போயிற்று. அம்மாவின் கால் பொருந்தியது, "காசுக்கு வேலை"யும் முடிந்தது. நான் பள்ளிக்கூடப் பிள்ளையாக மட்டும் இருந்தேன், சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணினேன். ஆறு மணித்தியாலம் மிஞ்சும் என்று மேடையில் முழங்கியவள், வேலையை விட்ட பிறகுதான் படித்தாள். இதைவிடப் பெரிய மோசடி என்ன இருக்கிறது?

பிறகு யுத்தம் திரும்பி வந்து, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் ஷெல் அடி தொடங்கியது. படுவான்கரைச் சனம் மூட்டை முடிச்சோடு வந்து எங்கள் வகுப்பறைகளில் இருந்தது. வாவியில் இறங்கத் தடை வந்து, இறால் வாடியும் பூட்டினார்கள். இனியாவது திரும்பி வா என்று நான் தவமலரிடம் போனேன். "ரெண்டு வயது குறைஞ்ச புள்ளையளோட போய் எப்பிடிக் கா இரிக்கிற?" என்றாள். யுத்தம் முடிந்த வருடம் அவளுக்குக் கலியாணம் நடந்தது. வெடி கொளுத்தினார்கள், சத்தம் கேட்டுச் சபையில் பாதிப் பேர் குனிந்துகொண்டோம்.

இன்று அந்தக் கிணறுகளில் யாரும் அள்ளுவதில்லை, குழாய் வந்துவிட்டது. இறால் வாடி இருந்த இடத்தில் கலியாண மண்டபம் நிற்கிறது. பின்னேரப் பள்ளிக்கூடத்துக்கு மாடி கட்டிவிட்டார்கள். என் கப்பின் வெள்ளிப் பூச்சு உரிந்து, அதில் அம்மா சீப்பும் ஊசிநூலும் போட்டு வைத்திருக்கிறா. நான் கந்தோரில் கதிரையில் இருந்து கையெழுத்து வைக்கிறேன். கையில் ஒரு கொப்புளத் தழும்பும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தவமலர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பதினைந்து வயது, தாயின் அதே நெற்றி. பள்ளிக்கூடத்தில் விவாதமாம், பேச்சு எழுதித் தர வேண்டுமாம். தலைப்பு அதே பகுதிநேர வேலைதான். இருபது வருடத்தில் ஒரு புதுத் தலைப்புக்கூடவா இவர்களுக்குக் கிடைக்கவில்லை?

"எந்தப் பக்கம் பேசப் போறாய் மகள்?" என்றேன்.

"செய்யலாம் எண்டு அன்ரி. ரீச்சர்தான் தந்தவ. நான் புடவைக் கடைக்குப் போறதால நான் பேசினாத்தான் எடுபடுமாம்."

நான் தவமலரைப் பார்த்தேன். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டு, "சனி, ஞாயிறு மட்டுந்தான் கா. அதுவும் அரைநாள்தான்" என்றாள்.

நான் பேனையை எடுத்தேன். அவளே பேசினாள். "நீ அண்டைக்குப் பேசினத அப்பிடியே எழுதிக் குடு. எனக்கு இன்னும் பாடம்" என்று சொல்லிவிட்டு, நடுவர் அவர்களே என்று தொடங்கினாள். வியர்வையின் விலை, முத்து, எல்லாம் ஒரு சொல் பிசகாமல் வந்தது. நான் உயர்த்திய மாதிரியே கையையும் உயர்த்தினாள். மகள் சிரித்தாள். இருபத்துநான்கைப் பிரித்து, மிச்சம் ஆறு என்று விரலை மடக்கிய இடத்தில் நின்றுவிட்டாள்.

"இதில ஒரு பிழை இரிக்கி கா" என்றாள், கணக்குக் கொப்பியைப் பார்க்கும் அதே முகத்தோடு. "அம்மா செத்த பிறகு தண்ணி கொண்டுவாற பவுசருக்கு வரிசையில நிண்டது நான். சோறாக்கினது நான். தம்பியப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தினது நான். நடந்து போய் வாற நேரமும் இரிக்கி. அதுகள நான் போடல்ல. உனக்குத்தானே எண்டு அவசரத்தில போட்ட கணக்கு. புள்ளைக்கு எழுதக்குள்ள அதுகளையும் போட்டு எழுது."

போட்டேன். தண்ணீருக்கு இரண்டு, சமையலுக்கு இரண்டு, தம்பிக்கு ஒன்று, நடைக்கு ஒன்று. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கூட்டிப் பார்த்தால் இருபத்துநான்குக்கு இருபத்துநான்கு, மிச்சம் ஒன்றும் வரவில்லை. முத்தையும் வியர்வையையும் வெட்டிவிட்டு, "இது என் அம்மாவின் ஒரு நாள்" என்று மேலே எழுதி, அந்தக் கணக்கை மட்டும் பிள்ளையின் கையில் கொடுத்தேன். நாளை மறுநாள் போட்டி. அவள் தோற்று வரட்டும்.