எழுபத்திரண்டு அடி மூன்று அங்குலம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கோவில்பட்டியில் வீட்டு பிளான் போட்டுக் கொடுப்பது என் தொழில். டேப் வைத்து அளக்க முடியாத எதையும் நம்பியதில்லை. நீங்களும் அப்படித்தான் என்றால் நல்லது, கேட்டுவிட்டு ஒரு விளக்கம் சொல்லுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம். பசுவந்தனைக்கு அப்பால் ஒரு கிராமத்தில், ஆங்கிலிக்கன் மிஷனரிகள் கட்டிய பழைய கோயில். சர்ச்சுக்கு அங்கே கோயில் என்றுதான் பெயர். கூரான வளைவு ஜன்னல்கள், தேக்கு உத்தரங்கள், சுண்ணாம்பு வைத்துக் கட்டிய இரண்டடி கனக் கற்சுவர்கள். ஆல்டருக்கு, அதாவது பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கிற கிழக்குச் சுவரில் மட்டும் கை நுழைகிற வெடிப்பு. கரிசல் மண் அப்படி, மழையில் ஊதும், கோடையில் பிளக்கும், மேலே நிற்பதையும் சேர்த்து இழுக்கும். மொத்தமாக இடித்துவிடலாம் என்று கோயில் கமிட்டியில் பாதிப் பேர், கூடாது என்று பாதிப் பேர். என் அறிக்கையைப் பார்த்து முடிவெடுப்பதாக ஏற்பாடு. குருவானவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்க அப்பாவுக்கு இங்கனதான் சார் ஞானஸ்நானம் குடுத்தாவ. இருந்தாலும் உள்ளதைச் சொல்லுங்க. சனங்க மேல விழுந்துரக் கூடாது" என்றார்.

பகல் இரண்டு மணி இருக்கும். உள்ளே நானும் கொத்தனார் மாடசாமியும் மட்டும்தான். நான் மேற்கு வாசலில் டேப்போடு நின்றேன், அவன் முனையை ஆல்டர் ஓரமாக இழுத்துக்கொண்டு பின்னால் போய்க் குனிந்தான். வாசலிலிருந்து பார்த்தால் அங்கே இருக்கிற ஆள் தெரியாது.

"சுவரோட சேத்துப் பிடிச்சிருக்கியாலே?"

"பிடிச்சிருக்கேன்" என்று குரல் வந்தது. இழுத்துப் பார்த்தேன், விறைப்பாக நின்றது. எழுபத்திரண்டு அடி மூன்று அங்குலம். அதை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பின்னால், "அண்ணாச்சி, தண்ணி குடிக்கியளா?" என்று கேட்டது. மாடசாமி, கையில் செம்போடு.

நம்பினால் நம்புங்கள், டேப் அப்போதும் என் கையை இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

"ஏலே, அங்கன பிடிக்கது யாரு?"

"யாரு பிடிக்கா? நாக்கு வறண்டு போச்சுன்னு முனையைக் கீழ போட்டுட்டு, பக்கத்து ரூம் கதவு வழியா அப்பமே வெளிய வந்துட்டேனே."

சொல்லி முடிக்கும் முன்பே அவன் கண்ணும் டேப்பில் விழுந்தது. செம்புத் தண்ணீர் சிந்தியது. நாங்கள் பார்க்கப் பார்க்க டேப் தளர்ந்து, யாரோ பக்குவமாகக் கீழே வைப்பது மாதிரி தரையில் படுத்தது. ஓடிப் போய்ப் பார்த்தோம். ஆல்டருக்குப் பின்னாலும் யாரும் இல்லை, பக்கத்து அறையிலும் இல்லை. மாடசாமி அந்தச் சுவரைப் பார்த்துக் கும்பிட்டான்.

திரும்ப அளந்தோம், மூன்று தடவை. அறுபத்தெட்டு அடிதான் வந்தது. நாலடி தப்பாகப் படிக்கிற ஆளில்லை நான்.

இரண்டு நாள் தூக்கமில்லை. பிறகு குருவானவரிடம் போய், கிழக்குச் சுவருக்கு வெளியே குழி தோண்டிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். தோண்டினோம். சுவருக்கு இரண்டடி தள்ளி ஒரு பழைய அஸ்திவாரம் வந்தது, கரிசலைத் தாண்டிச் சரளை வரைக்கும் இறங்கிய கருங்கல் கட்டு. இப்போது நின்ற சுவரோ மூன்றடி ஆழத்தில் வெறும் கரிசல் மேல் உட்கார்ந்திருந்தது, வெடிக்காமல் என்ன செய்யும்? முதலில் கோயிலை அதுவரைக்கும் கட்டத்தான் அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள். ஏன் சுருக்கினார்கள் என்று கோயில் பதிவேடுகளில் ஒரு வரி இல்லை.

கிழக்குச் சுவரை மட்டும் பிரித்துப் பழைய அஸ்திவாரத்தின் மேல் எழுப்பினால் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். அப்படியே செய்தார்கள். பிரதிஷ்டைக்கு முந்தின நாள் உள்ளே அளந்து பார்த்தேன். எழுபத்திரண்டு அடி மூன்று அங்குலம். குருவானவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கன தோண்டணும்னு எப்படி சார் தெரிஞ்சுது?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. நான் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன்.

அளவு ஒத்துப்போனதைக்கூடத் தற்செயல் என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு நடுவில் இரண்டடிக் கற்சுவர் நின்றது, வெடிப்பு இருந்தது வேறு இடத்தில். டேப் எங்கேயும் மடங்கவில்லை, வளையவில்லை. அந்தச் சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் வரைக்கும் அது நேராகப் போயிருக்கிறது.