ஏசிக் குளிர் என்று நினைத்தேன்

முதுகில் குழாய் செருகிய மனிதரை இந்த நாட்டில் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். என்னைப் பார்க்க டெக்சஸில் ரவுண்ட் ராக் ஊருக்கு வந்திருந்த அப்பாவுக்குக் கல் அடைத்துச் சிறுநீரகம் வீங்கிவிட்டது. முதுகு வழியாக மெல்லிய குழாய் விட்டு, அதன் முனையில் ஒரு பையை மாட்டினார்கள். சிறுநீர் அதில் இறங்க வேண்டும். பையை எப்படிக் காலி செய்வது, எப்படி அளப்பது என்று நர்ஸ் எனக்குக் காட்டித் தந்தார். இளஞ்சிவப்பாக வந்தால் பயமில்லை. ரத்தம் கட்டியாக வந்தாலோ, வருவது நின்றாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே கூப்பிடு என்றார். பிறகு சக்கர நாற்காலியைக் கார்வரை தள்ளிவந்து, "ஹேவ் எ குட் ஒன்" என்று கையசைத்தார்.

ஈரோட்டில் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது ஒரு வாரம் ஆஸ்பத்திரியிலேயே இருந்தோம். சித்தப்பாக்கள் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். அவரைத் துடைத்துவிட்டதெல்லாம் அம்மாதான். எனக்கு ஃபிளாஸ்கில் காப்பி வாங்கிவரும் வேலை. இங்கே ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு நான் ஒருத்தி. மகள் முன் சட்டையைத் தூக்க அவர் கூசினார்.

மறுநாள் காலை பையை அவரே பாத்ரூமில் காலி செய்துவிட்டு வந்தார்.

"எவ்வளவு வந்துச்சுங்கப்பா?"

"வந்துச்சு கண்ணு. இதையெல்லாம் நீ எதுக்குத் தொடோணும்?"

மதியம் சுருண்டு படுத்து, குளிருது என்றார். வந்த நாளிலிருந்தே ஏசியைத் திட்டுகிறவர். இன்னொரு கம்ஃபர்ட்டரைப் போர்த்தினேன். தற்செயலாகப் பையைப் பார்த்தேன். அடியில் மட்டும் கொஞ்சம், கலங்கலாக. நர்ஸ் லைனுக்குப் போன் செய்தேன்.

"டஸ் ஹி ஹேவ் சில்ஸ்?"

"நோ, நோ. தி ஹவுஸ் இஸ் கோல்ட். ஏசி."

சில்ஸ் என்றால் காய்ச்சல் நடுக்கம் என்று எனக்கு உறைக்கவில்லை; நர்ஸுக்கு உறைத்தது. "டர்ன் இட் ஆஃப், ஹனி. கோ லுக் அட் ஹிம்."

நிறுத்தினேன். டெக்சஸ் வெயிலில் அறை புழுங்கி எனக்கு வேர்த்து வழிந்தது. அப்பாவின் பற்களோ கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. கட்டில் ஆடியது. போர்வையை விலக்கினேன். குழாய் அவர் இடுப்புக்கடியில் மடங்கிக் கிடந்தது. சட்டையைத் தூக்கியபோது அவர் தடுக்கவில்லை. பார்த்ததைப் போனில் சொன்னேன். எமர்ஜென்சிக்கு உடனே கொண்டுவா என்றார் நர்ஸ்.

ஃப்ரீவே முழுக்க "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினேன். பின்சீட்டிலிருந்து ஒவ்வொரு தடவையும் "ம்" வந்தது. கடைசி சிக்னலில் வரவில்லை.

கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். குழாயை மாற்றி, மருந்தேற்றினார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டார்.

அவர் கட்டிலருகே நின்று, காலிங் கார்டு போட்டு ஈரோட்டில் இருக்கும் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"காச்சல் உட்டுருச்சுங்கம்மா."

பதிலுக்கு முன் அம்மா நெடுநேரம் இருமினார்.

"எப்பருந்து இந்த இருமல்?"

"அது கெடக்குது. நீ அப்பாவப் பாரு."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண் குழாயில் இறங்கும் சொட்டிலேயே இருந்தது. காது மட்டும் ஈரோட்டு வீட்டில், அம்மாவின் அடுத்த இருமலுக்காகக் காத்திருந்தது.