இந்த வருஷம் நமக்குப் பண்டிகை இல்லை

போன வாரம் பொங்கலுக்கு வெல்லம் வாங்க ஆம்பூர் பஜாருக்குப் போயிருந்தேன். மளிகைக் கடையில் ஒரு பெண் என் தோளைத் தொட்டாள். என் தங்கை அமுதாவோடு ஷூ கம்பெனியில் ஒரே லைனில் வேலை பார்த்தவள். இப்போது திருப்பத்தூர் பக்கம் போய்விட்டாள்.

“அமுதாவுக்கு இன்னா கொழந்தக்கா? வளைகாப்புக்கு வந்ததோட சரி... அப்புறம் ஒண்ணும் தெரியல.”

“பொண்ணு. தவறிட்டா.”

அவள் கை வாய்க்குப் போனது. “ஐயய்யோ... எத்தினி மாசம் இருந்துச்சி?”

“பொறக்கும்போதே உசுரு இல்ல.”

“ஓ... அப்டியா?” சட்டென்று அவள் முகம் லேசாகிவிட்டது. “வளர்ந்த கொழந்தையோன்னு பயந்துட்டேன். அதுக்கின்னாக்கா, அடுத்தது பொறக்கும்.” கடைக்காரர் பக்கம் திரும்பி, “அண்ணே, பச்சரிசி புதுசா பழசா?” என்றாள்.

நல்ல பெண்தான். மனதில் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குக் கசக்கிறது. கெட்டவர்கள் சொன்னால் திட்டிவிட்டுப் போகலாம். நல்லவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால்...?

போன வருஷப் பொங்கலில் இருந்து சொல்கிறேன்.

அமுதாவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. சுற்றாத கோயில் இல்லை, வேலூரில் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. போன பொங்கலன்று பானை பொங்கி வழிகிற நேரத்தில் என் காதருகே வந்து, “அக்கா, நாள் தள்ளிப் போயிருக்கு. டாக்டர் உறுதியா சொல்லிட்டாங்க” என்றாள். அவள் கணவர் சேகர் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். வாய் திறந்து அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு அவர் போட்ட “பொங்கலோ பொங்கல்” சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. மூன்றாவது தடவை பாதியிலேயே நிறுத்திவிட்டு, வாசலில் கட்டியிருந்த மாட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

ரம்ஜான் வந்தது. பக்கத்து வீட்டு ஷகிலா தினமும் சாயந்திரம் நோன்புக் கஞ்சியை முதலில் அமுதாவுக்குத்தான் ஊற்றுவாள். “நோன்பு எனக்கு. கஞ்சி ஒனக்கு. குடி!”

சித்திரை வெயிலில் அமுதாவுக்குக் கால் வீங்கியது. ஆனியில் வளைகாப்பு. இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். அதோடுதான் வேலைக்குப் போனாள். அவள் கை அசைந்தால் லைன் முழுக்கக் கேட்குமாம். “பாப்பா ஓவர்டைம் பாக்குது” என்று தோழிகள் கிண்டல் செய்வார்களாம்.

ஆடி வந்தது. எங்கள் ஊரில் ஆடி மாதம் அம்மனுக்கு மட்டும் இல்லை, கிறிஸ்துமஸுக்கும்தான். வெளிநாட்டுக்காரர்கள் டிசம்பரில் வாங்கிக்கொள்ளும் ஷூவை நாங்கள் ஆடியிலேயே தைத்து அனுப்பிவிட வேண்டும். அமுதா வேலை செய்தது தோலுக்குப் பசை தடவுகிற இடம். சொல்யூஷன் நெடி தலையைச் சுற்றும். வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள். கான்ட்ராக்டில் இருக்கிறவள். அதட்டிக் கேட்க முடியுமா?

சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்... “ஷிப்மெண்ட் போவட்டும்மா. அப்புறம் வூட்ல ஹாயா உக்காந்து பெத்துக்க.”

ஓர் ஆடி வெள்ளி. தெருமுனையில் கூழ் ஊற்றுகிறார்கள், ஸ்பீக்கர் அலறுகிறது. அமுதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றாள். “காலையிலேர்ந்து அசையவே இல்லக்கா.”

சேகரின் வேனில்தான் போனோம். வழியெல்லாம் அவள் வயிற்றைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டர் ஸ்கிரீனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

“சில நேரம் காரணமே தெரியாம இப்படி ஆகிடும்” என்றார் டாக்டர். கம்பெனியை அவர் குறை சொல்லவில்லை. அவருக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்வது? சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஷிப்மெண்ட் குறித்த நாளில் போய்ச் சேர்ந்துவிட்டது. அது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

குழந்தையை வெளியே எடுத்த பிறகு நர்ஸ் கேட்டார், “அம்மாவுக்குக் காட்டட்டுமா?”

“வேணாம், வேணாம்! பாத்தா மறக்க முடியாது” என்று தடுத்தது ஒடுகத்தூரிலிருந்து ஓடி வந்த அமுதாவின் மாமியார். அமுதா மயக்கத்தில் இருந்தாள். சேகர் ஒரு புதுத் துண்டில் சுற்றி, பாலாற்றங்கரைக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்.

அவ்வளவுதான். காரியம் இல்லை, படம் இல்லை, விளக்கு இல்லை. துக்கம் கேட்கவும் யாரும் வரவில்லை. வந்தவர்கள், “ஒடம்பப் பாத்துக்கோ” என்றார்கள். ஏதோ டைஃபாய்டு வந்து எழுந்தவளிடம் சொல்கிற மாதிரி.

ஷகிலாதான் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்று மூன்று நாளும் அவளே கொண்டுவந்தாள். முதல் நாள் அமுதாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். “கொழந்தைக்கு இன்னா பேரு வெச்ச?”

நான் பதறிவிட்டேன். அமுதா அவளையே பார்த்தாள். பிறகு மெதுவாக ஒரு பெயரைச் சொன்னாள். அதுவரை என்னிடம்கூடச் சொல்லாத பெயர். இங்கேயும் எழுத மாட்டேன்.

“நல்ல பேரு” என்றாள் ஷகிலா.

அமுதா என் பக்கம் திரும்பினாள். “நீ பாத்தியாக்கா? யாரு மாதிரி இருந்தா?”

“மூக்கு சேகர் மூக்கு. நெத்தி உன்னுது.”

அப்போதுதான் அழுதாள். அதற்குள் சமையலறையிலிருந்து மாமியார் குரல்... “நல்ல நாளும் அதுவுமா ஆடி மாசத்துல வூட்ல அழுகை வேணாம்!”

ஆயுத பூஜைக்குள் அமுதா வேலைக்குப் போய்விட்டாள். அதே இடம். சொல்யூஷன் டப்பாவுக்கும் குங்குமம் வைத்திருந்தார்களாம். பொட்டலத்தில் பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்தாள்.

தீபாவளிதான் பெரிய சண்டை. மாமியார் முதல் நாளே வந்து எண்ணெய்ச் சட்டியைத் தேடினார்.

“இந்த வருசம் வேணாம் அத்த” என்றாள் அமுதா. “நம்ம வூட்ல ஒரு சாவு வுழுந்துருக்கு.”

“யாரு செத்தா? பொறந்தாத்தானே சாவறதுக்கு? மூச்சே வுடாததுக்கு எவடி துக்கம் காப்பா? பண்டிகைய நிறுத்துனா குடும்பத்துக்கு ஆவாது!”

வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்த சேகர் உள்ளே வந்தார். அம்மா கையிலிருந்த சட்டியை வாங்கிக் கீழே வைத்தார்.

“இல்லம்மா. எம் பொண்ணு செத்துட்டா. நான்தான் பொதச்சேன். துண்டு நல்லா கனமா இருந்துச்சி. ஒண்ணுமே இல்லாதது கனக்குமா?”

எம் பொண்ணு... அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் அவர் முதல் முறையாகச் சொன்னார். மாமியார் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அம்மாவையும் மகனையும் பிரித்தவள் என்று அமுதாவுக்குப் பெயர் வந்தது. தெரு முழுக்கப் பட்டாசு வெடித்தது. அந்த வீட்டுக் கதவு மட்டும் சாத்தியே இருந்தது. டிசம்பரில் கம்பெனியில் கிறிஸ்துமஸ் கேக் கொடுத்தார்கள். அமுதா அதை வீட்டுக்குக் கொண்டுவராமல் வழியிலேயே ஒரு நாய்க்குப் போட்டுவிட்டாள்.

இப்போது இந்தப் பொங்கல். பண்டிகைக்குச் சில நாள் முன்னால் மாமியாரிடமிருந்து போன். தீபாவளிக்குப் பிறகு அதுதான் முதல் போன். குடியாத்தத்தில் சேகரின் பெரியப்பா காலமாகிவிட்டார். நல்ல வயதாகி, பேரன் பேத்தி எல்லாம் பார்த்து, தூக்கத்திலேயே போனவர்.

போனில் மாமியார் சொன்னது எனக்கே கேட்டது. “பங்காளி சாவு. இந்த வருஷம் நமக்குப் பண்டிகை இல்ல. பொங்க வெக்காத, கோலம் போடாத. இன்னா, புரிஞ்சுதா?”

“சரிங்கத்த” என்றாள் அமுதா. போனை வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் அவர்களோடு சாவுக்குப் போனேன். அமுதா அந்தப் பெரியவரைக் கல்யாணத்தில் ஒரு முறை பார்த்திருப்பாள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள். அவ்வளவுதான்... அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒப்பாரி வைத்தவர்களே நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மார்பில் அடித்துக்கொண்டாள், தரையில் சாய்ந்தாள். சேகர் ஆண்கள் பக்கத்தில் நின்றுகொண்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், முதுகைத் தடவினார்கள். மாமியாரே அவள் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

“பெரிய மாமனார் மேல இன்னா பாசம் பாரு இந்தப் பொண்ணுக்கு!” என்றாள் பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி.

நமக்குத் துக்கத்திலும் சீனியாரிட்டி உண்டு, வாசகர்களே. ஜூனியர்களுக்காக அழ வேண்டுமென்றால், யாராவது ஒரு சீனியர் போகும்வரை காத்திருக்க வேண்டும்!