தண்ணீர் குறைகிற வேன்

தெருவில் அவரை ஸ்பானர் என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மைப் பெயர் மனைவிக்கு மட்டும் நினைவிருந்திருக்கும். அவளோ புருஷன் பெயரை வாயால் சொல்கிற ஆள் இல்லை. இருபத்திரண்டு வருடம் ஒரே வேனை வைத்துக்கொண்டு துணிக் கம்பெனிக்கு ஆள் ஏற்றி இறக்கினார். கம்பெனி சொந்தமாக பஸ் வாங்கிய அன்று வேலை போனது, வேன் மட்டும் மிஞ்சியது. அதற்குள் அதன் உறுப்புகளில் பாதி அவர் வீட்டு வாசலிலேயே கழற்றி மாற்றப்பட்டிருந்தன. மெக்கானிக் கையில் வண்டியை விடுவதென்றால் அவருக்கு உயிரே போய்விடும். கடைக்குப் போனால் சாமான் வாங்குவார், யோசனை மட்டும் வாங்க மாட்டார்.

மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. செவ்வாய், வியாழன், சனி என வாரம் மூன்று நாள், நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். நாலு மணி நேரம் மெஷினோடு கிடந்துவிட்டு எழுந்தால் அவளுக்கு உட்காரக்கூடத் தெம்பு இருக்காது. பஸ்ஸில் படுக்க முடியாது, வாடகைக் காரில் முடங்கிப் படுத்தால் குமட்டும். அதனால் வேனின் பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டுவைத்தார். வேன் ஓடுகிறவரை அவள் இருப்பாள் என்று மனதுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார். யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் ஒரு போல்ட்டை முடுக்குவதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நாலு மாதத்துக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை காலை, தெருமுனை தாண்டுவதற்குள் இன்ஜின் கொதித்து ஆவி பறந்தது. வண்டியை நாலு பேர் தள்ளி வீடு சேர்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ததில், மறுநாள் வரச் சொன்னார்கள். அன்று முழுக்க அவள் வீட்டில் இருந்தாள். தலைக்குக் குளித்து, ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு மதியம்வரை கதையளந்தாள். எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்கு அது கண்ணில் படவில்லை. முன் சீட்டைத் தூக்கி வைத்துவிட்டு இன்ஜினுக்குள் தலையை விட்டிருந்தார். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வெடித்திருந்தது. மாற்றினார்.

அதோடு தீர்ந்தது என்று நினைத்தால் தீரவில்லை. அன்றிலிருந்து புறப்படும் நாளெல்லாம் விடிந்ததும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பார். ஒன்றரை, இரண்டு லிட்டர் குறைந்திருக்கும். தரையில் சொட்டு ஈரம் இருக்காது. முணுமுணுத்துக்கொண்டே குடத்தைச் சாய்ப்பார். நாள் முழுவதற்கும் அரை லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று கட்டளையிடப்பட்ட அவள், கதவில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"அதுக்காவது குடுத்து வச்சிருக்கே" என்பாள்.

ஒருநாள் சாயங்காலம் அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். ஊசி குத்திக் குத்தி முடிச்சு முடிச்சாக வீங்கிய இடது கையை வலது கையால் தாங்கியிருந்தாள்.

"என்னங்க, எனக்குப் போதும்னு தோணுது."

"எது போதும்? கீழ் ஹோஸ் இன்னும் மாத்தல."

"நான் ஹோஸச் சொல்லல."

"அதான். ஹோஸா இருக்காது, வாட்டர் பம்பாத்தான் இருக்கும்" என்று துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். காது மந்தமான மனிதர் இல்லை. இந்தப் பேச்சு எடுத்தால் மட்டும் அவருக்கு வண்டி ஞாபகம் வந்துவிடும்.

பம்ப்பை மாற்றினார். மறு மாதம் அவள் மறுபடி வாயெடுத்தபோது ரேடியேட்டரையே கழற்றி, தண்ணீருக்குள் அழுத்தி, காற்றடித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. மூன்றாம் தடவை அவள் அழுதுகொண்டே சொன்னாள். அன்று தெர்மோஸ்டாட்டை மாற்றினார். தண்ணீர் பாட்டுக்குக் குறைந்துகொண்டே இருந்தது.

இனி மிச்சம் இருப்பது ஹெட் கேஸ்கெட் என்று முடிவு கட்டினார். இன்ஜினின் மேல் பாதியான ஹெட்டுக்கும் கீழ் பாதிக்கும் நடுவில் இருக்கிற அந்தத் தகடு பழுதானால், தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே போய் எரிந்துவிடும். லேத் பட்டறைக்காரர் அவருடைய பழைய கூட்டாளி. வந்து ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார், இன்ஜினை ஓடவிட்டுப் புகையைப் பார்த்தார்.

"ஆயில் சுத்தமா இருக்கு. வெள்ளப் புகையும் இல்ல. ஹெட்டுல கை வைக்காத, சொல்றேன்."

"அப்ப தண்ணி எங்கப்பா போகுது?"

"எனக்கென்ன தெரியும், நீ ராத்திரி எந்திரிச்சுக் குடிக்கிறியோ என்னமோ."

ஸ்பானர் சிரிக்கவில்லை. சனிக்கிழமை மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால் செவ்வாய் காலைவரை நேரம் இருக்கிறது. அந்த இரண்டரை நாளுக்குள் பிரித்துப் பூட்டிவிட வேண்டும், தவறினால் அவள் உடம்பு தாங்காது. சனிக்கிழமை அவளைப் படுக்கவைத்த கையோடு பிரிக்க ஆரம்பித்தார். போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே அட்டையில் குத்தி வைத்தார். ஞாயிறு பதினொரு மணிக்கு ஹெட்டைத் தூக்கி எடுத்தார்.

கேஸ்கெட் முழுசாக இருந்தது. எரிந்த தடம் இல்லை, கிழிசல் இல்லை. ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. எழுந்து வண்டிக்கு முன்னால் வந்து, ஒன்றும் தோன்றாமல் தரையில் மல்லாந்து படுத்தார். ரேடியேட்டரின் அடிப்பக்கம் முகத்துக்கு நேராகத் தெரிந்தது. பம்ப் மாற்றும்போதும், ரேடியேட்டரைக் கழற்றும்போதும் மேலேயிருந்தே குழாய் விட்டுத் தண்ணீரை உறிஞ்சி எடுத்திருந்தார். அடியில் தண்ணீரை வடிக்கிற திருகைத் தொட்டு வருடக்கணக்காகியிருந்தது; ரேடியேட்டரைத் தண்ணீருக்குள் அழுத்தியபோதும் குமிழியைத்தான் தேடினார், அதைக் கவனிக்கவில்லை. சுற்றிலும் எண்ணெயும் புழுதியும் அப்பிக் கிடக்க, அந்தத் திருகு மட்டும் விரல் பட்டுப் பட்டுப் பளபளவென்றிருந்தது.

வீட்டில் இருந்தது இரண்டே பேர். முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில், அவர் ரிப்பேர் பார்க்கும்போதெல்லாம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே அந்த வண்டியின் ஒவ்வொரு திருகையும் தெரிந்துவைத்திருந்தவள் ஒருத்திதான்.

எழுந்து உட்கார்ந்தபோது அவள் வாசற்படியில் நின்றிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான்தாங்க" என்றாள். "நீங்க மத்தியானம் கண்ணசரும்போது பேசின் வச்சுப் பிடிச்சு, பாத்ரூம்ல ஊத்திடுவேன்."

"எதுக்கு?"

"மொதல் தடவ அதுவாத்தான் கொதிச்சுது. அன்னிக்கு ஒரு நாள் மனுஷியா இருந்தேன். அப்புறம்தான் இந்தப் புத்தி வந்துச்சு."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. மூணு தடவ சொன்னேன். நீங்க ஒவ்வொரு தடவையும் ஒண்ணக் கழட்டுனீங்க." படியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள். குனிந்தாலே மூச்சு இரைக்கிறவள், வாரம் மூன்று தடவை பம்பருக்கடியில் கையை விட்டிருக்கிறாள். "நான் சொன்னா கேக்க மாட்டீங்க. வண்டி சொன்னா கேப்பீங்கன்னு நெனச்சேன்."

அவர் அழுதார். எண்ணெய்க் கையால் முகத்தைத் துடைத்து முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு அழுதார். நீ போய்ட்டா நான் என்ன செய்வேன் என்று கேட்க நினைத்தார். அதைத்தான் மூன்று வருடமாக அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தோம், அதற்காகத்தான் அவளை அந்த மெஷினில் கட்டிப்போட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. கேட்கவில்லை.

திங்கட்கிழமை முழுக்க வண்டியைப் பூட்டினார். செவ்வாய் காலை ஸ்டார்ட் செய்தார். சத்தம் பஞ்சு மாதிரி இருந்தது. உள்ளே வந்து, மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டார்.

"போலாமா, வேண்டாமா?"

"வேண்டாங்க."

வெளியே போய் இன்ஜினை நிறுத்தினார். பிறகு டாக்டருக்குப் போன் செய்தார். டாக்டர் அவளோடும் நெடுநேரம் பேசிவிட்டு, பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கலாம் என்றார், மூச்சுத் திணறலுக்கு மருந்தும் சொன்னார். வெளியூரிலிருந்து மகள் வந்தாள். வந்ததும் அப்பாவைத் திட்டினாள், அம்மாவைத் திட்டினாள், அப்புறம் அம்மா பக்கத்திலேயே படுத்துத் தூங்கிப்போனாள். கேட்டபோதெல்லாம் டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்தார்கள். இரண்டே மடக்கில் போதும் என்றுவிடுவாள்.

அவர் வண்டிப் பக்கமே போகவில்லை. கட்டிலருகே நாற்காலி போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் அவளுக்கே பொறுக்கவில்லை.

"ஏதாவது ரிப்பேர் பண்ணுங்களேன். நீங்க சும்மா உக்காந்திருந்தா எனக்குப் பயமா இருக்கு."

"எல்லாம் நல்லாத்தானே ஓடுது."

"பிரிச்சா ஏதாவது கெடைக்கும்" என்றாள். மகள் சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது.

கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் வாடை போகக் கழுவிக் காயவைத்து, பேப்பர் விரித்துக் கட்டிலோரம் வைத்துக்கொண்டு பிரித்தார். ஒரு தடவை பூட்டியதும், சரியில்லை என்று மறுபடி பிரித்தார். மூடியின் நாலு சின்னத் திருகுகள் உருண்டு ஓடாமல் இருக்க அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் விரல்களை மூடிக்கொள்வாள். கேட்கும்போது ஒவ்வொன்றாகக் கொடுப்பாள். இப்படியே ஐந்தாறு நாள் போனது. பேச்சு குறைந்து, தூக்கம் கூடிக்கொண்டே வந்தது. தூங்கும்போதும் கை மூடியே இருக்கும்.

பதினொன்றாம் நாள் முற்பகல், மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். அவர் குனிந்து மூடியைப் பொருத்தினார். ஓரங்களைச் சரிபார்த்துவிட்டு, நிமிராமலே கையை நீட்டினார்.

"ம், குடு."

சற்று நேரம் அப்படியே நீட்டி வைத்திருந்தார். பிறகு கார்புரேட்டரைப் பேப்பரில் இறக்கி வைத்துவிட்டு, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். திருகுகள் நாலும் இருந்தன.