ஒழுங்கைக்குக் கோணலாக ஒரு வீடு

எங்கள் ஒழுங்கையில் யாராவது வழி கேட்டால், "அந்தக் கோணல் வீட்டுக்கு அங்கால" என்றுதான் சொல்வார்கள். அந்தக் கோணல் வீடு என்னுடையது. மற்ற வீடுகளெல்லாம் ஒழுங்கையைப் பார்த்து வரிசையாக நிற்க, என்னுடையது மட்டும் ஒரு தோளைத் திருப்பிக்கொண்டு நிற்கும். கட்டியவர் என் வாப்பா. ஏறாவூரில் மேசன் வேலைக்கு முதலில் தேடப்படும் ஆள் அவர். அதனால் கை பிசகிப் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வாப்பா அதைக் கிப்லாவுக்கு நேராகக் கட்டினார். தொழுகையில் நாங்கள் முகம் வைக்கும் அந்தத் திசை, இங்கே மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும். ஒழுங்கை அப்படி ஓடவில்லை. ஆகவே மற்ற வீடுகளில் பாயைச் சரித்துப் போட்டுத்தான் தொழுவார்கள், பாயின் ஒரு மூலை அலுமாரிக்குக் கீழே போகும். என் வீட்டில் சுவரைப் பார்த்து நின்றால் போதும்.

நாங்கள் மூன்றும் பெண் பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் கல்யாணம், மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு அந்த வீட்டுக்கு வந்து சேருவார். இந்த வழக்கத்தின்மேல் எனக்குக் கோபம் உண்டு, அதை யார் முன்னாலும் சொல்வேன். ஆனால் அதைச் சுமந்த மனிதரை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிரும். மூத்த ராத்தாவுக்கு நாங்கள் இருந்த வீட்டையே கொடுத்தார். அடுத்ததைக் கட்டி முடித்து நாங்கள் சரியாகக் குடியேறுவதற்குள் இரண்டாவது ராத்தாவுக்குக் கல்யாணம் பேசி வந்தது. மறுபடியும் பாய், தலையணை, சட்டி, பானையோடு வெளிக்கிட்டோம். இந்த முறை எனக்கென்று ஒதுக்கிய காணியில் ஓர் ஓலைக் கொட்டில். "நாம ஆமையாப் பொறந்திருக்கலாம், வீட்ட முதுகில தூக்கிட்டே திரிஞ்சிருக்கலாம்" என்று உம்மா பகிடி பண்ணுவா.

வாப்பா விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்தே வேலைக்குப் போய்விடுவார். முதலில் சைக்கிள், பிறகு ஊருக்கே கேட்கும் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். நோன்பு காலத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்று கல் அடுக்குவார். கொஞ்சம் ஓய்ந்து செய்யலாமே என்றால், "நோன்பு எனக்கு, வீடு அவங்களுக்கு. அவங்க ஏன் பிந்தணும்?" என்பார். தமிழ் ஊரான கிரானில் அவர் வேலை செய்த ஒரு வீட்டில், அந்த வீட்டு அம்மா அவருக்கென்றே ஒரு புதுப் பாயையும், தொழுமுன் கைகால் கழுவி உளூச் செய்ய ஒரு வாளித் தண்ணீரையும் மாமரத்தடியில் வைத்திருப்பாவாம். அதே அம்மா, சாத்திரம் பார்த்தவர் சொன்னார் என்று அத்திவாரத்துக்கு அளந்து கட்டிய நூலை இடம் மாற்றச் சொன்னபோது வாப்பா முகம் சுளிக்கவில்லை. நூலைப் பிடுங்கி அவர்கள் சொன்ன இடத்தில் கட்டினார். "குடியிருக்கப் போறது நானா?" என்று எங்களிடம் சிரித்தார்.

அப்படிப்பட்டவர் என் வீட்டுக்கு நூல் கட்டிய அன்றுதான் ஆசைப்பட்டு ஒன்று சொன்னார். "இத மட்டும் என்ர மனசுக்குக் கட்டப் போறன் மகள்." இளைய மகளோடுதான் வாப்பாவும் உம்மாவும் இருப்பார்கள் என்பது பேசாமலே தெரிந்த விஷயம். வேலைவிட்டு வந்து, அஸர் தொழுதபின், பொழுது சாயும்வரை அவருடைய வீட்டுக்கு அவரே கல் வைத்தார். சுவரெல்லாம் எழும்பிக் கூரையும் போட்டாகிவிட்டது, நாங்கள் மட்டும் இன்னும் கொட்டிலில்தான்.

அப்போதுதான் எனக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கட்டாரில் சாரதி. போனில் கொஞ்சம் பேசியிருந்தோம், வீடு கோணலான கதையையும் சொல்லியிருந்தேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அவருடைய உம்மா வீடு பார்க்க வந்தா. ஒழுங்கையில் நின்று இப்படியும் அப்படியும் தலையைச் சரித்துப் பார்த்துவிட்டு கொட்டிலுக்குள் வந்து, வாப்பாவை அண்ணன் முறை வைத்துச் சொன்னா:

"காக்கா, ஊரே சிரிக்குது. முன்பக்கத்த உடைச்சி ஒழுங்கைக்கு நேராக் கட்டித் தாங்க. மறுகா நாள் குறிப்பம்."

வாப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. மறைப்புச் சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"மாமி, வீடு எனக்குத்தானே தாறாங்க? எனக்கு இது நேராத்தான் இரிக்கி."

அவ தேத்தண்ணியைத் தொடாமலே எழும்பிப் போனா. உம்மா என்னைக் கிழி கிழியென்று கிழித்தா. நான் ஒன்றும் நடக்காததுபோல் கோப்பைகளைக் கழுவி வைத்தேன்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, வாப்பாவுக்கு வேலையில்லாத நாள். காலையில் வெளியே இரும்புச் சத்தம் கேட்டு ஓடினேன். வாப்பா கல் பெயர்க்கும் அலவாங்கோடு முன்சுவரின் மூலையில் நின்றார். மேல் கல்லொன்று ஏற்கெனவே கீழே கிடந்தது.

"என்ன செய்றீங்க வாப்பா?"

"உடைக்கிறன்."

"அப்ப கிப்லா?"

"பாயத் திருப்பிப் போட்டாச் சரி. அல்லாஹ் சுவரயா பாக்கிறான்? விலகு மகள்."

நான் விலகவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். அவர் பிடிவாதம்தானே என் உடம்பிலும் ஓடுகிறது. அந்த ஆத்திரத்தில் போனை எடுத்து, மாப்பிள்ளைக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். "உங்கட உம்மாக்குச் சந்தோசமாச் சொல்லுங்க, எங்கட வாப்பா சுவர உடைக்கிறார்" என்று மட்டும்.

கொஞ்ச நேரத்தில் வாப்பாவின் போன் அடித்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் சத்தமாக வைத்துத்தான் பேசுவார். எனக்கும் கேட்டது.

"மாமா, உடைக்காதீங்க. இங்க எங்கட அறையில முழுக்கக் கட்டில். ரெண்டு கட்டிலுக்கு நடுவில ஒடுங்கிச் சரிஞ்சிதான் நிண்டு தொழுறன். சுஜூதுக்குக் குனிஞ்சா தலை இரும்பில முட்டும். ஊருக்கு வந்தாவது நேரா நிண்டு தொழணும் மாமா. உம்மாவோட நான் பேசுறன்."

வாப்பா "சரி மகன்" என்றார். அலவாங்கை மதிலில் சாத்திவிட்டு, கொஞ்சம் சாந்து குழைத்து, விழுந்த கல்லைத் தூசு தட்டிப் பழைய இடத்திலேயே வைத்தார்.

கல்யாணம் நடந்தது. இப்போது மாமியே யாராவது வந்தால், "என்ர மருமகள்ட வீட்டுல பாய் சரிக்கத் தேவல்ல" என்று பெருமை அடிக்கிறா. நானும் ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வாப்பா கடைசிவரை எங்களோடுதான் இருந்தார். மௌத்தாவதற்குச் சில கிழமைகளுக்கு முன், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அண்டைக்கு அவர் கட்டார்ல இருந்து போன் பண்ணாட்டி உண்மையாவே உடைச்சிருப்பீங்களா வாப்பா?"

"உடைச்சிருப்பன்."

"உங்கட மனசுக்குக் கட்டின ஒரே வீடு."

வாயிலிருந்த கஞ்சியை ஆறுதலாக விழுங்கினார்.

"மாமி போன நாள்ல இருந்து நீ படுக்கப் போனா அழுதுக்கிட்டுத்தானே கிடந்தாய். ஓலைக் கொட்டில்ல அழுதா வாப்பாட மந்தக் காதுக்கும் கேக்காதா மகள்?"