காலியாக விட்ட கட்டம்

இன்று பன்னிரண்டாம் வகுப்பில் மரபணுப் பரிசோதனை பற்றிய பாடம். அது ஒருவருடைய சொந்த விஷயம் மட்டும்தானா என்று பிள்ளைகளைப் பேசவைக்க, மாதிரிச் சம்மதப் படிவம் ஒன்றை நானே தயாரித்துக் கொடுத்தேன். கூடவே நானும் ஒன்றை நிரப்பினேன்.

கடைசிக் கேள்வி: முடிவை யாருக்கெல்லாம் தெரிவிக்க வேண்டும்?

அம்மா, அப்பா, அக்கா என்று எழுதித் தள்ளினார்கள். ஒருத்தி சித்தப்பா பிள்ளைகளுக்காகத் தனித் தாளே கேட்டு வாங்கினாள்.

படிவங்களைச் சேகரித்த செல்வி, தாராவியிலிருந்து வருகிறவள், என்னுடையதைப் பார்த்து நின்றாள்.

"மிஸ், இந்தக் கட்டத்துல நீங்க ஒண்ணும் எழுதலியே?"

"எழுத யாரும் இல்லம்மா. அப்பா அம்மா போயாச்சு."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரு தம்பி, நவி மும்பைல, கோபர்கைரனேல. பேச்சுவார்த்தை இல்ல."

"அதுக்கு? நம்ம ரிசல்ட்டு அவங்களுக்கும் சேதிதான்னு நீங்கதான சொன்னிய? அப்ப அவங்களுக்குத் தெரியணும்லா?"

படிவத்தை என் மேசையிலேயே திருப்பி வைத்தாள். "அரைகுறை ஃபார்ம் நஹி சலேகா, மிஸ்." அரைகுறையாக எதைக் கொடுத்தாலும் 'செல்லாது' என்று தினமும் நான் அவர்களிடம் சொல்வதுதான்.

பள்ளி முடிந்து செம்பூரிலிருந்து வீடு திரும்பும் பஸ்ஸில் தம்பி பெயரை எழுதிவிட்டேன். அடுத்த கட்டம், அவன் ஃபோன் நம்பர். அப்பா காரியத்துக்கு அப்புறம் அதை நான் அழுத்தியதே இல்லை. ஆனாலும் பார்க்காமல் எழுத வந்தது.

ஆறு வருஷம் கழித்து, "உன் ஜீனில் பாதி என்னிடமும் இருக்கிறது" என்று ஒரு மெசேஜை ஆரம்பிக்கலாமா?

இதைவிட நல்ல ஆரம்பம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். நான் இறங்கும் மாட்டுங்கா வருவதற்குள்.