முதல் புள்ளடி

யுத்த காலத்தில் கண்டியில் ஒரு வேட்பாளருக்காகத் தேர்தல் வேலை செய்தேன். பகலில் புடவைக்கடையில் துணி அளந்து கிழிப்பேன். மாலையில் பஸ் ஏறிப் போய் நோட்டீஸ் கொடுப்பேன். சண்டையை நிறுத்த வேண்டும் என்று பயப்படாமல் பேசியவர் அவர் ஒருவர்தான்.

வேட்புமனுவுக்கு முந்திய வாரம், சண்டையை நடத்தியே தீருவோம் என்று முழங்கிய கட்சியின் பட்டியலில் போய்ச் சேர்ந்துகொண்டார். "தனியா நின்னா தோத்துருவோம் தம்பி. உள்ள போய்த்தான் தடுக்கணும்" என்றார். புத்தி கெட்ட நான் அதையும் நம்பினேன்.

மாதிரி வாக்குச்சீட்டோடு பன்வில பக்கத் தேயிலைத் தோட்டமொன்றுக்குப் போய், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் விளக்கினேன். முதலில் கட்சிச் சின்னத்துக்கு எதிரே பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி, பிறகுதான் அந்தப் பட்டியலில் அவருக்குரிய விருப்பு இலக்கத்தில் இன்னொன்று. கட்சிக்குப் போடாமல் அவருக்கு மட்டும் போட்டால் செல்லாது.

கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த ஓர் அக்கா கேட்டார்: "அப்போ சண்டை வேணாங்கிறவருக்குப் போட, மொதல்ல சண்டை வேணுங்கிறவனுக்குப் போடணுமா?"

மேடை மேடையாக எங்கள் வேட்பாளர் பேசியதெல்லாம் அந்த ஒரு கேள்விக்கு உறை போடக் காணாது. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

அவர் வென்றார். அப்படிச் சேர்ந்ததைத் தியாகம் என்று இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லித் திரிகிறார். பாராளுமன்றத்தில் யுத்தச் செலவுக்கு வாக்கெடுப்பு நடந்த அன்று, உள்ளே போய்த் தடுக்கிறேன் என்றவர் சபைக்கு வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தாராம். அந்த அக்கா பறித்த கொழுந்தாகவும் இருக்கும்.